வெள்ளைச் சீட்டு

மேஜைக்கு அடியில் கையை நீட்டித்தான் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று இந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர், சினிமா எடுப்பவர் எல்லாரும் நம்புகிறார்கள். பெரும் பிழை. பொறுப்போடு சொல்கிறேன். அரசு அலுவலகத்து மேஜைக்கு முன்பக்கம் பலகை அடித்து மூடியிருக்கும். அடியில் சாப்பாட்டுப் பை இருக்கும், தண்ணீர் பாட்டில் இருக்கும், பழைய கோப்புக் கட்டின்மேல் செருப்பைக் கழற்றிய இரண்டு கால் இருக்கும். ஒரு கை நுழைய இடம் கிடையாது. பல தாலுகா அலுவலகங்களில் நான் குனிந்து பார்த்திருக்கிறேன். குனிந்து பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

இங்கே உட்காரலாமா? யாராவது வருகிறார்களா? நல்லது. முதல் பந்தி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, நமக்கு நேரமிருக்கிறது. நீங்கள் மாப்பிள்ளை வீடா? நான் பெண் வீடு. பெண்ணின் அப்பா குலோத்துங்கன் தாசில்தாராக இருந்த காலத்தில் பழக்கம். அதோ, மேடையில் பட்டு வேட்டியோடு வியர்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை.

அங்கே பாருங்கள், வேடிக்கையை. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. அவர் ரசத்துக்கே வரவில்லை, அதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாயிற்று. வரிசை என்ற ஒன்றை நம் மக்கள் மனதார ஏற்பதே இல்லை. நான் எங்கேயும் வரிசையில்தான் போவேன். பசித்தாலும் சரி.

சரி, மேஜைக்கு அடியில் இல்லையென்றால் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்கிறீர்கள். எதிர்க்கடையில். எந்தத் தாலுகா அலுவலகத்துக்கும் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். நான் இருந்த ஊரில் அதை நடத்தியவர் பெயர் ராஜாங்கம். அவரிடம் மனுவையும் கொடுத்து மற்றதையும் கொடுத்துவிட்டால் மனு தானாக நடந்து போகும். உள்ளே இருக்கிறவர் கைக்குச் சாயங்காலம், பார்க்கிறவர் கண்ணுக்கு வெறும் ஜெராக்ஸ் கட்டாகத்தான் அது வந்து சேரும். அவ்வளவு சுத்தம்.

லஞ்சம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதும் பிழைதான், அதையும் திருத்திவிடுகிறேன். கொடுத்தால் வேலை முடியவேண்டிய நேரத்தில் முடியும். கொடுக்காவிட்டால் முடியாது. இதை ஒரு பெரிய கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

நான் ஓர் ஆய்வு மையத்தில் இருந்தேன், சென்னையில். வளரும் நாடுகளில் ஊழலைக் குறைக்க நடைமுறையில் என்ன செய்யலாம் என்று பார்க்கிற திட்டம். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் ஆதரவு. ஆப்பிரிக்காவில் ஓர் ஊர், தென் அமெரிக்காவில் ஓர் ஊர், மூன்றாவது நம்முடைய ஊர், அரியலூர்ப் பக்கம். மூன்றிலும் ஒரே சோதனை. முதல் கட்டம் நன்றாக முடிந்தால் இரண்டாம் கட்டம் இன்னும் பெரியது, அதற்கு நானே இயக்குநர். அப்படித்தான் பேச்சு.

சோதனை மிக எளிது. மனுவோடு வருகிறவர்களிடம், கலந்துகொள்கிறீர்களா என்று கேட்போம். சரி என்றால் குடத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கவேண்டும். பச்சை வந்தால் அவர் மனுவுக்காக எங்கள் மையம் கடிதம் எழுதும், போன் செய்யும், விடாமல் விசாரிக்கும். மஞ்சள் வந்தால் சட்டப்படி என்ன கட்டணம், எத்தனை நாளில் தரவேண்டும் என்று அச்சடித்த தாள் கொடுப்போம். வெள்ளை வந்தால் ஒன்றும் செய்யமாட்டோம். தள்ளி நின்று பார்ப்போம். அந்த வெள்ளை இல்லாவிட்டால் பச்சையும் மஞ்சளும் பயன்பட்டதா என்று எப்படித் தெரியும்?

குடம் என் யோசனை. மற்ற இரண்டு நாட்டிலும் கம்ப்யூட்டரில் குலுக்கினார்கள். நான் பித்தளைக் குடம் வாங்கினேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு படித்திருப்பீர்கள். குடவோலை. கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர்கள்கூட நிற்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால்! சொந்தக்காரர்கள் வழியாகத்தான் எல்லாம் உள்ளே வருகிறது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. இதை வருகிற ஒவ்வொரு மனுதாரருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். எங்களுக்குச் சீட்டு ஆபீஸ் என்று பேர் வைத்தார்கள்.

இந்தக் குடத்தில்தான் அஞ்சலாட்சியும் கையை விட்டாள்.

அவள் எங்கள் சமையல்காரி. ஊரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து நானும் களப்பணியாளர்களும் தங்கியிருந்தோம். அங்கே மூன்று வேளையும் சமைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பிளஸ் டூ படித்தவள். கத்தரிக்காய்க் கொத்சு வைப்பாள் பாருங்கள், இன்றைக்கு இந்த மண்டபத்தில் அந்த மாதிரி வராது. புருஷன் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் டிரைவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. மூன்று வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும். போட வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அது தாலுகா அலுவலகத்தில் கிடைக்கவேண்டும். மாமியார் வீட்டுத் தகராறு, பிள்ளைக்கு டைபாய்டு என்று காலம் ஓடி, அவள் மனுவோடு வந்து நின்றபோது கெடுவுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. அவ்வளவுதான் கதை. நாட்டில் எத்தனையோ பேருக்கு இதுதான் கதை.

புருஷனுடைய ஆபீசில் இளநிலை உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அவள் அதைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். பரிமாறும்போது சொல்வாள்: “ஜன்னலோரம் சார். ஃபேன் நேரா மேல. சூப்பிரண்டு ஐயா சொன்னாரு, சர்டிபிகேட்ட கொண்டாம்மா, அந்த நாக்காலி உனக்குத்தான்னு.”

அவளை ஆய்வில் சேர்த்தது நானில்லை. பெனிட்டா. எங்கள் களப்பணியாளர், திருச்சிப் பெண், கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் அதிகம். பச்சை வந்தால் அக்காவுக்கு உதவலாம் என்ற நப்பாசையில் வரிசையில் நிறுத்திவிட்டாள். வெள்ளை வந்தது.

அன்றைக்கு ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “வெள்ளைன்னா என்னா சார்?”

“உனக்காக நாங்க எதுவும் செய்யக்கூடாது. அதான் வெள்ளை.”

“அதுக்கு எதுக்கு சார் சீட்டு? சீட்டு இல்லாமலே எனக்கு யாரும் ஒண்ணும் செய்யலையே.”

சிரித்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? விளக்கினேன். தோசை ஒன்று தீய்ந்துபோனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இதுதான். “சார், நீங்க ஒரு போன் போட்டா தாசில்தார் ஐயா கேப்பாரு சார். வெள்ளிக்கிழமையானா ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே காபி குடிக்கறீங்க.” குடித்தோம். அது நேர்காணல். அவரிடம் நான் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அவள் பச்சையாகிவிடுவாள். ஒரு வெள்ளையைப் பச்சையாக்கினால் மீதி வெள்ளைக்கு என்ன மரியாதை? மூன்று நாட்டு ஆய்வும் அசுத்தமாகிவிடும். ஊழலை ஆராய்கிறவனே சிபாரிசு செய்தால் அப்புறம் என்ன இருக்கிறது?

பெனிட்டா ஒருநாள் சண்டைக்கு வந்தாள். “சார், நம்ம வீட்டுக் கெணத்துல ஒருத்தர் விழுந்தா, எந்தச் சீட்டுன்னு கேட்டுட்டுத்தான் கயிறு போடுவீங்களா?”

அந்தக் கேள்வியில் அடிப்படையிலேயே ஒரு பிழை இருந்தது. அந்த வீட்டில் கிணறு கிடையாது. போர்வெல். அதைச் சுட்டிக்காட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு வேலை தவிர வேறு பேசவில்லை.

நடுவில் என் மச்சான் விஷயம் ஒன்று வந்தது. தங்கை புருஷன். அதே தாலுகாவில் அவர்களுக்குப் பூர்வீக நிலம், பட்டா மாறாமல் வெகுகாலமாகக் கிடந்தது. குலோத்துங்கனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுவாரம் முடித்துக்கொடுத்தார். பார்க்காதீர்கள் அப்படி. என் மச்சான் குடத்தில் கையே விடவில்லை. அவர் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆய்வுக்கு வெளியே இருக்கிறவர். அவரால் தரவில் ஒரு புள்ளிகூட அசையாது. பெனிட்டாவுக்கும் இதைத்தான் சொன்னேன். அவளும் இப்போது நீங்கள் பார்த்த மாதிரிதான் பார்த்தாள்.

கேளுங்கள், இனிமேல்தான் விஷயமே.

கெடு நெருங்கிவிட்டது. கார்த்திகை மாதம், மழை. ஒருநாள் காலையில் அஞ்சலாட்சி கண்ணெல்லாம் வீங்கி வந்தாள். காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். முதல் நாள் சாயங்காலம் ராஜாங்கத்தின் கடைக்குப் போயிருக்கிறாள். எங்கேயோ புரட்டிக் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாரும் கொடுப்பதைத்தான் நீட்டியிருக்கிறாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

“யக்கா, நீ யாரு வீட்டுல சமைக்கிறேன்னு ஊருக்கே தெரியும். ஆராய்ச்சி சார் வீட்டு ஆளு நீ. ஒங்கையால குடுத்தா ஆர்.ஐ. டீ கூடக் குடிக்கமாட்டாரு. நோட்டுல பவுடர் தடவி அனுப்பிருக்காங்கம்பாரு. என்னெயும் சேத்து உள்ள தள்ளவா? போ யக்கா, மழை வருது.”

அவள் விடவில்லை. ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வீட்டுக்கே போயிருக்கிறாள். அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து, ஐயா ஊரில் இல்லை என்றாளாம். உள்ளே ஐயா டிவி பார்க்கிற சத்தம் கேட்டதாம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புரிகிறதா உங்களுக்கு? மறுத்திருக்கிறார்கள்! அந்தத் தாலுகா உருவான நாளிலிருந்து அப்படி நடந்ததாகச் செய்தி கிடையாது. ஒன்றுமே செய்யாமல், வெறுமனே பக்கத்தில் இருந்ததாலேயே ஒரு மனுவை லஞ்சம் தொடமுடியாதபடி ஆக்கியிருக்கிறோம். குறிப்பேட்டை எடுத்தேன். “என்ன வார்த்தை சொன்னாரு ராஜாங்கம்? அப்படியே சொல்லு. கைய எங்க வச்சுக்கிட்டாரு?”

“சார், நான் அழுதுக்கிட்டுச் சொல்றேன். நீங்க எழுதிக்கிட்டு இருக்கீங்க.”

எழுதவேண்டுமே. அப்புறம் மறந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை குலோத்துங்கனிடம் பொதுப்படையாகத்தான் கேட்டேன். யார் பெயரும் சொல்லவில்லை. ஒரு மனுவில் லஞ்சமும் வாங்கமாட்டார்கள், வேலையும் செய்யமாட்டார்கள் என்றால் அது எப்படி என்று. அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“ஒங்க சமையக்காரம்மா ஃபைலுதானே டாக்டர் சார்? நான் சுத்தமா சொல்லிடறேன். அத இன்னிக்கு முடிச்சுக் குடுத்தா, ‘பயந்துக்கிட்டு எனக்கு மட்டும் செஞ்சான், மத்தவன்கிட்ட வாங்கறான்’னு எழுதுவீங்க. அது விஜிலென்ஸ். முடிக்கலேன்னா ‘தாமதம்’னு எழுதுவீங்க. தாமதத்துக்கு மெமோதான். மெமோ வாங்காம நான் எந்த வருஷம் இருந்திருக்கேன்? நீங்களே ‘இத முடிச்சுடுப்பா’ன்னு வாயத் திறந்து சொல்லுங்க, சாயங்காலமே கையெழுத்து. சொல்லுங்க.”

என்ன ஒரு தெளிவு! இருபது புத்தகம் படித்தும் எனக்குக் கிடைக்காத ஒரு விளக்கம். நான் சொல்லவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பில்லை அவர் கொடுத்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கெடு முடிந்தது. மாட்டுப் பொங்கல் கழிந்து அலுவலகம் திறந்ததும் சான்றிதழ் வந்துவிட்டது. கெடு தாண்டிய ஃபைலைத் தொட யாருக்கும் பயமில்லை அல்லவா? முத்திரை, கையெழுத்து, எல்லாம் கச்சிதம். ஒரு பைசா கைமாறவில்லை. அந்த மாவட்டத்தில் அந்த வருஷம் அப்படி வெளியே வந்த வாரிசுச் சான்றிதழ் அநேகமாக அது ஒன்றுதான். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை எங்கள் அறிக்கையின் அட்டையில் போட்டேன். கொஞ்சம் சிரிம்மா என்று போட்டோகிராபர் கேட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. பரவாயில்லை, முகத்தில் ஒரு கம்பீரம் இருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகப் போனது. அப்புறம்தான் எனக்குத் துரோகம் நடந்தது.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். இரண்டாம் கட்டத்தை முடிவு செய்கிறவர். கருத்தரங்கு அறையில் வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். களத்தைப் பார்க்கவேண்டும், வீட்டுச் சாப்பாடு சாப்பிடவேண்டும் என்றார். இலை போட்டோம். அஞ்சலாட்சி சாதம் வைக்க வந்தாள். அம்மையார் அவள் முகத்தைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த அறிக்கையின் அட்டையைப் பார்த்தார், கையைத் தட்டி மகிழ்ந்தார். அட, அட்டைப்படத்துப் பெண்மணியா! இந்த மாற்றத்தால் உங்கள் வாழ்க்கை எப்படி ஆகியிருக்கிறது, அலுவலகம் திருந்தியிருக்கிறதா என்று கேட்டார். பெனிட்டா தமிழில் சொன்னாள்.

இந்த இடத்தில் ஒருத்தி என்ன சொல்லவேண்டும்? மூன்று வேளை சோறு ஆக்கிக் கூலி வாங்குகிற வீட்டில்? “நல்லாயிருக்கேம்மா” என்று சொல்லிவிட்டு நெய்யை ஊற்றியிருக்கலாம்.

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு இவள் சொன்னாள்: “ஆபீசு ரொம்பத் திருந்திடிச்சும்மா. எங்கிட்ட மட்டும் யாரும் லஞ்சமே வாங்கமாட்டேன்னுட்டாங்க. கால்ல விழுந்து கெஞ்சிப் பாத்தேன். வாங்கவே இல்ல. ஊருல அத்தன பேரும் குடுத்து வாங்கிட்டுப் போனாங்க, எனக்குக் குடுக்கக்கூட வழியில்ல. சாரு, வெள்ளைச் சீட்டு கெட்டுடக்கூடாதுன்னாரு. கெடல. எனக்கு வேலைதான் கெட்டுச்சு. கொழம்பு ஊத்தவா?”

பெனிட்டா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். குழம்பு ஊற்றவா என்பதைக்கூட. அத்தனை சுத்தமான மொழிபெயர்ப்பை அவளிடமிருந்து அந்த வருஷம் முழுவதும் நான் பார்த்ததில்லை.

அம்மையார் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். என்னிடம் நெறிமுறை, பங்கேற்பாளர் நலன் என்று ஏதேதோ கேட்டார். நான் அமைதியாக விளக்கினேன். தீங்கு என்பது நாம் செய்கிற செயலால் வருவது. நாம் ஒன்றுமே செய்யவில்லையே? வெள்ளைச் சீட்டின் இலக்கணமே அதுதானே? என் வாதத்தில் ஓட்டை இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் கட்டம் டில்லிக்காரர் ஒருவருக்குப் போனது. குடம் கிடையாது, கம்ப்யூட்டர். பெனிட்டாவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். நான் சொன்ன முடிவுகளில் பாதியை இன்னொருவர் பெயரில் போன வருஷம் படித்தேன். எனக்கு இப்போது ஒரு தனியார் கல்லூரியில் வாரத்தில் இரண்டு வகுப்பு. பொது நிர்வாகம். பையன்கள் பின்வரிசையில் தூங்குகிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டில், ஒரு சமையல்காரியின் வாயால், என் பத்து வருஷ உழைப்பு. ஊழல் ஊழல் என்கிறார்களே, நன்றிகெட்டதனத்தை அளக்க ஒரு குறியீடு வைத்திருக்கிறார்களா எங்கேயாவது?

குலோத்துங்கன் மட்டும் மறக்கவில்லை. நேரில் வந்து பத்திரிகை வைத்தார். “நீங்க ஒருத்தர்தான் டாக்டர் சார், ஒரு வருஷம் பக்கத்துல ஒக்காந்திருந்தும் எந்த ஃபைலுக்காகவும் என்ன நெருக்கல” என்றார். மச்சான் பட்டாவை அவரே மறந்துவிட்டார் பாருங்கள். அது நட்பு. கணக்கில் வராது.

யாரைப்பா கூப்பிடுகிறாய், என்னையா?

“டாக்டர் சார், அண்ணன் சொன்னாரு. முன்பக்கம் ஒரே கூட்டம். சமையக்கட்டு வழியா வாங்க, உள்ள தனியா எல போட்டிருக்கு.”

வருகிறேன், வருகிறேன். நீங்களும் வாருங்கள், ஐயா. அட, வாருங்கள், என்னோடு வந்தவர் என்று சொல்லிக்கொள்கிறேன். வேண்டாமா? வரிசையில் வருகிறீர்களா? அங்கே வரிசை எங்கே இருக்கிறது, நாற்காலிக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அவளா? வேறு யார் வீட்டிலோ சமைக்கிறாளாம். அந்த வேலையா? அது யாருக்கும் போகவில்லை. போன மாதம் ஒரு காரியமாக அந்த ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். நாற்காலி ஜன்னலோரம் அப்படியேதான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.